பழைய கட்டடங்களின் ஆயுட்கணக்கு

தில்லி மாநகரத்து லோதி ரோடு, மேற்கே 1754ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட சப்தர்ஜங் சமாதியின் அருகே தொடங்கி, கிழக்கே ஹுமாயூன் சமாதியைத் தன்னகத்தே கொண்ட நிஜாமுதீன் பகுதியை நோக்கிச் செல்கிறது. இவ்விரண்டு மொகலாய ஸ்மாரகங்களுக்கும் இடைப்பட்ட தூரத்தில், சையத் வம்சத்தாரும் லோதி வம்சத்தாரும் விட்டுச்சென்ற சமாதிகள் ஒரு பூங்காவுக்குள்ளும், பிரிட்டிஷார் தம் ஆட்சியின் அந்திமக் காலத்தில் கட்டிய லோதி காலனிக் குவார்ட்டர்ஸ்கள் சாலைக்குத் தெற்கிலும், சுதந்திர இந்தியாவில் ஜோசப் ஆலன் ஸ்டைன் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் வரைந்த கலாசார நிலையங்கள் வடக்கிலும், சர்க்கார் அலுவலகக் கோபுரங்கள் இன்னும் சற்றுத் தள்ளியும் நிற்க, ஐந்து நூற்றாண்டுகளின் கொத்தனார் வேலை ஒரே சாலையை அடுத்துக் காணக் கிடைக்கிறது. நாட்டின் புராதனக் கட்டடங்களைக் காக்கும் நோக்கத்துடன் 1984இல் நிறுவப்பட்ட இன்டாக் அமைப்பின் தலைமையகம் இதை ஒட்டிய லோதி எஸ்டேட்டில் இருக்கிறது. தலைநகரின் பழைய அரசுக் குடியிருப்புகள் பலவற்றை இடித்துப் புதியன எழுப்பும் பொறுப்பை ஏற்றிருக்கும் என்.பி.சி.சி. நிறுவனத்தின் தலைமையகமும் இதே லோதி ரோட்டில்தான் இருக்கிறது. ஒரு பழைய கட்டடம் இன்னும் உழைக்கத் தகுதியுடையதா, வேறொரு காரியத்துக்கு மாற்றிப் பயன்படுத்த ஏற்றதா, அல்லது விடைகொடுத்து அனுப்பவேண்டிய நிலையை எய்திவிட்டதா என்ற விவகாரம், ஆகவே, இந்தச் சாலைக்கு அந்நியமானதன்று.

லோதி காலனியை முதலில் எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலக யுத்தம் நடந்த 1940களில், டபிள்யூ. எச். மெட் என்பவரின் திட்டப்படி அரசாங்க ஊழியர்களுக்காகக் கட்டப்பட்ட இவ்வீடுகள், கீழும் மேலுமாக அமைந்தவை. கனத்த சுவர்களும், உயர்ந்த மச்சும், உள்முற்றமும், தெருவை நோக்கிய பெரிய வளைவு வாயில்களும் கொண்டவை. மத்திய சர்க்கார் உத்தியோகத்தை நாடித் தெற்கிலிருந்து ரயிலேறி வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குத் தலைநகரில் கிடைத்த முதல் கூரை இத்தகைய குவார்ட்டர்ஸ்தான். அவர்களுடைய பிள்ளைகள் நடந்துபோய்ப் படிக்கும்படி, தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று லோதி எஸ்டேட்டிலேயே அமைந்தது. 2015 முதல் இக்காலனியின் வெளிச்சுவர்களில் ஓவியர்கள் பெரும் சித்திரங்களைத் தீட்டி வருவதால், படம் பிடிப்பதற்கென்றே ஜனங்கள் இங்கே வருகிறார்கள். சுவரைப் பார்க்க வருகிறவர்கள் பலர். அச்சுவருக்குள் என்ன நடந்துகொண்டிருக்கிறது, செங்கல்லில் எவ்வளவு ஓதம் ஏறியிருக்கிறது, தளத்துக் கம்பியில் எவ்வளவு துரு படிந்திருக்கிறது என்று பார்த்துப் பொதுமக்களுக்குச் சொல்கிறவர்கள் அரியர்.

இக்காலனிக்கு அண்மையிலுள்ள கஸ்தூர்பா நகர், தியாகராஜ் நகர் ஆகியவற்றின் கதை இதற்குள் வேறு திசையில் சென்றுவிட்டது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர், ஸ்ரீநிவாஸ்புரி, முகமதுபூர் ஆகியவற்றோடு சேர்த்து ஏழு குடியிருப்புகளை இடித்துக் கட்டும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2016 ஜூலையில் அனுமதி வழங்கியது. 12,970 வீடுகள் இருந்த இடத்தில் சுமார் 25,667 வீடுகள், 32,835 கோடி ரூபாய் மதிப்பீடு, அந்தச் செலவை ஈடுகட்ட நிலத்தின் ஒரு பகுதியில் வர்த்தகக் கட்டடங்கள் எழுப்பி விற்பனை செய்தல் என்பது அத்திட்டத்தின் ஏற்பாடு. 2018இல் ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்படவிருந்த செய்தி பரவியபோது நகரவாசிகள் தெருவில் இறங்கினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டு வெட்டுதலை நிறுத்தி வைத்தது. மரத்துக்காகப் பேச அன்று ஜனங்கள் இருந்தார்கள் என்பது மனத்துக்கு ஆறுதல் தரும் விஷயம். வீடுகளுக்காக அதே உரத்த குரலில் எவரும் பேசவில்லை.

வீடு வேண்டி அலாட்மெண்ட் வரிசையில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் ஊழியரின் சிரமத்தை நான் அறியாதவன் அல்லன். நகரின் மத்தியில் இருக்கும் நிலத்தில் அதிகம் பேர் வாழவேண்டும் என்ற நியாயமும் மறுக்கத்தக்கதன்று. என் ஆட்சேபம் வரிசைக்கிரமத்தைப் பற்றியது. இந்த நிலம் இன்னும் எத்தனை மாடிகளைத் தாங்கும், எத்தனை சதுர அடியை விற்கலாம் என்ற கணக்கு முதலில் எழுதப்படுகிறது. இந்தக் கட்டடம் இன்னும் எத்தனை காலம் எதைத் தாங்கும் என்ற கணக்கு, எழுதப்படுமானால், அதற்குப் பின்னால் எழுதப்படுகிறது. தீர்ப்பு முன்னும் விசாரணை பின்னுமாக நடக்கும் அந்த முறையில், பொறியாளரின் அறிக்கை தன் சுதந்திரத்தை இழந்துவிடுகிறது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

வயது ஒன்றே போதிய ஆதாரம் என்று கருதுகிறவர்கள், அண்மைக்காலச் சம்பவங்கள் சிலவற்றை மனத்தில் கொள்ளவேண்டும். சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014 ஜூனில் இடிந்து விழுந்து 61 உயிர்களைப் பலிகொண்ட பதினொரு மாடிக் கட்டடம், கட்டி முடிக்கப்படாத புதுக் கட்டடம். தில்லி முகர்ஜி நகரில், தில்லி வளர்ச்சி ஆணையம் 2010ஆம் ஆண்டுவாக்கில் கட்டி முடித்த 336 குடும்பங்களுக்கு உரிய சிக்னேச்சர் வியூ அடுக்ககம், ஐ.ஐ.டி. நிபுணர்களின் ஆய்வுக்குப் பின் வசிக்கத் தகாததென்று முடிவு செய்யப்பட்டு, இடிக்கும் தீர்மானம் 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தாலும் உறுதிசெய்யப்பட்டது. இதே நகரத்தில், எண்பது வயதை நெருங்கியும் கடந்தும் நிற்கும் லோதி காலனி வீடுகளில் மாலை வேளையில் விளக்கேற்றிக் குடும்பங்கள் வாழ்ந்துகொண்டிருக்கின்றன.

வயதை மறுபக்கத்திலிருந்தும் தவறாகப் பயன்படுத்துகிறோம். பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவால் வடிவமைக்க, மகேந்திர ராஜ் என்ற பொறியியல் மேதை கணக்கிட்டு நிறுத்திய ஹால் ஆஃப் நேஷன்ஸ், 1972ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்காக எழுந்தது. இரும்புச் சட்டங்களால் எழுப்பவேண்டியதொரு முப்பரிமாணக் கூட்டமைப்பை, இரும்பு அருமையாயிருந்த தேசத்தில், தொழிலாளர் கைகளால் கான்கிரீட்டில் வார்த்த அந்த அற்புதத்துக்கு உலகில் முன்னுதாரணம் இல்லை. புராதனப் பட்டியலில் சேர்க்க அறுபது ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்ற அளவுகோலின்முன், நாற்பத்தைந்து ஆண்டே ஆன அதற்குப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. 2017 ஏப்ரலில் ஓர் இரவில் அது தரைமட்டமாயிற்று. கிழவர் என்ற காரணத்தால் ஒரு கட்டடத்தை இடிப்பதும், கிழவராகவில்லை என்ற காரணத்தால் இன்னொன்றை இடிப்பதும் ஒரே நகரத்தில் ஒரே காலத்தில் நடக்குமானால், வயது என்பது காரணமன்று, சாக்கு என்றே கொள்ளவேண்டியிருக்கிறது. லோதி ரோட்டை அழகுபடுத்தும் இந்தியா ஹாபிடட் சென்டர் 1993இல்தான் திறக்கப்பட்டது. வெயிலை மேலே தட்டிகளால் தடுத்துத் தரைக்கு நிழலைக் கொடுக்கும் அதன் முற்றங்கள், இந்த அளவுகோலின்படி இன்னும் நெடுங்காலம் எவ்விதக் காப்புமின்றி நிற்க வேண்டும்.

சரி, வயதைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் நம் தேசத்திலேயே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. பழைய கான்கிரீட் கட்டடங்களின் நிலநடுக்கத் தாங்குதிறனை மதிப்பிட்டு வலுவேற்றுவதற்கு ஐ.எஸ். 15988 என்ற விதித்தொகுப்பும், செங்கல், கல் கட்டடங்களுக்கு ஐ.எஸ். 13935 என்ற விதித்தொகுப்பும் இந்திய தர நிர்ணய அமைவனத்தால் வெளியிடப்பட்டுள்ளன. இவற்றை அனுசரித்து ஒரு கட்டடத்தைப் பரிசோதிப்பது, அந்தக் கட்டடத்தோடு பொறுமையாக உரையாடுவதேயாகும்.

செங்கல் சுவருக்கு முதற்பகைவன் நீர். தரையிலிருந்து ஏறும் ஓதமும், மொட்டைமாடியின் உடைந்த வடிகுழாய் வழியே இறங்கும் மழைநீரும் காரையைக் கரைக்கின்றன. சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவர், உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே விடும் இயல்புடையதாகையால், அதன்மீது பிற்காலத்தார் நல்லெண்ணத்துடன் பூசிய சிமெண்ட் பூச்சு அந்த ஈரத்தை உள்ளேயே சிறைவைத்து, சுவரைப் பத்திரப்படுத்துவதற்குப் பதிலாக அழித்துவிடுகிறது. உதிர்ந்த பூச்சைக் கண்டு ‘இந்தச் சுவர் போய்விட்டது’ என்று தீர்ப்புக் கூறும் மேற்பார்வையாளர், பூச்சைத் தட்டி எடுத்துப் பின்னாலுள்ள செங்கல்லை விரலால் அழுத்திப் பார்த்தாரா என்று கேட்கவேண்டும். விரிசலைக் கண்டாலும் அவ்விதமே. பழைய விரிசல் வேறு, இன்றும் அகன்றுகொண்டிருக்கும் விரிசல் வேறு. அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிவைத்து, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் காத்திருந்து, அது உடைகிறதா என்று பார்ப்பது நம் கொத்தனார்களுக்கும் தெரிந்த எளிய வழி. ஆனால் காத்திருக்க வேண்டும். டெண்டர் தேதியை முன்கூட்டி நிச்சயித்துவிட்டவரால் காத்திருக்க இயலாது.

தளத்தின் விஷயம் இன்னும் நுட்பமானது. யுத்தகாலத்தில் இரும்புக்குக் கட்டுப்பாடு இருந்த நாட்களில் வார்க்கப்பட்ட தளங்களுக்குள் எவ்வளவு கம்பி இருக்கிறது என்பதைப் பழைய வரைபடம் மட்டும் சொல்லிவிடாது. அங்கங்கே திறந்து பார்க்க வேண்டும். கான்கிரீட்டிலுள்ள காரத்தன்மைதான் கம்பியைத் துருப்பிடியாமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உட்புகுந்து அந்தக் காரத்தைத் தின்றுகொண்டே போகிறது. துளையிட்டு எடுத்த துண்டின்மீது பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், நலமான பகுதி சிவந்து காட்டும், கெட்ட பகுதி நிறமின்றி இருக்கும். அந்த எல்லைக்கோடு கம்பிக்கு வெளியே நிற்கிறதா, கம்பியைக் கடந்துவிட்டதா என்பதில்தான் அந்தத் தளத்தின் எதிர்காலம் அடங்கியிருக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், கடந்துவிட்டபின் மேற்பூச்சைத் தள்ளி உதிர்க்கத் தொடங்கும். செங்கற்களுக்கிடையே கம்பி வைத்து வார்க்கும் தளங்கள் வட இந்தியாவில் நெடுங்காலம் வழக்கிலிருந்தன. அத்தகைய தளத்தில் துரு முற்றியிருந்தால், இடித்துவிட்டு வேறு தளம் போடுவதே விவேகம். பழையது என்பதற்காக எதையும் வைத்துக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. தளம் கெட்டிருந்தால் தளத்தை மாற்றுங்கள், சுவர் நன்றாயிருந்தால் சுவரை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

தில்லி, நிலநடுக்க வரைபடத்தில் நெடுங்காலமாக நான்காம் மண்டலத்தில் வைக்கப்பட்டுள்ள நகரம். 1940களின் செங்கல் வீடுகளை இந்த உண்மையிலிருந்து மறைத்து வைப்பது அவற்றுக்குச் செய்யும் உபகாரமாகாது. சுவர்கள் ஒன்றோடொன்று மூலைகளில் பிணைந்திருக்கின்றனவா, வாயிலும் ஜன்னலும் மூலைக்கு மிக அருகில் வந்துவிட்டனவா, பல குடித்தனக்காரர்கள் பல காலங்களில் தம் சௌகரியத்துக்காக இடித்த உட்சுவர்கள் எத்தனை, அடைத்த தாழ்வாரங்கள் எத்தனை என்பனவெல்லாம் எண்ணிப் பார்க்கப்பட வேண்டும். கம்பிவலை வைத்துப் பட்டையாகக் காரை பூசிச் சுவர்களைச் சுற்றிக் கட்டுவது முதலான வழிகளைச் செங்கல் கட்டடங்களுக்கான அந்த விதித்தொகுப்பே விவரிக்கிறது. அவற்றின் செலவையும் இடித்துக் கட்டும் செலவையும் அருகருகே வைத்து, இடிபாடுகளை அகற்றும் செலவையும், புதுச் சிமெண்டும் செங்கல்லும் சுடுவதால் ஏற்கனவே மூச்சுத் திணறும் இந்நகரக் காற்றிலும் வானிலும் சேரும் நச்சையும் கணக்கில் கூட்டிக் காட்டும் ஓர் அறிக்கையை நான் காண விரும்புகிறேன்.

பழைய கட்டடத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றும்போது இன்னொரு பரிசோதனை சேர்கிறது: புதிய காரியத்துக்கு அந்த உடல் ஏற்றதா என்பது. வீட்டின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரத்தைத் தாங்கினால் போதும் என்பது நம் விதி. புத்தக அடுக்குகள் நிறைந்த நூலக அறைக்கோ 600 கிலோவும் அதற்கு மேலும் வேண்டும். பழைய வீடு என்றாலே நூலகமாக்கலாம் என்று பிரியத்துடன் யோசனை கூறுகிறவர்கள் இந்த ஒரு கணக்கை மட்டும் நினைத்துப் பார்த்தால், வாசகசாலையைக் கீழேயும் கைத்தொழிற் கூடத்தை மேலேயும் வைக்கும் புத்தி தானே பிறக்கும். தீப்பற்றினால் எத்தனை பேர் எந்தப் படியில் இறங்குவார்கள் என்ற கேள்வியும் அத்தகையதே. சென்னைச் சேப்பாக்கத்தில், நவாபுக்காகப் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்த கலச மகாலில் சர்க்கார் அலுவலகங்களைக் கோப்புகளோடு நிரப்பி வைத்திருந்தோம். 2012 ஜனவரியில் அது தீக்கிரையாகி, தீயணைப்பு வீரர் ஒருவர் உயிர்நீத்தார். பலரும் அதன் கதை முடிந்ததென்றே நினைத்தார்கள். தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறை அதனை மீண்டும் எழுப்பியது. இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே கூடுகிறது. எரிந்து கூரையிழந்த சுவர்களுக்குள் ஒரு நீதிமன்றத்தை அமர்த்தக் கூடிய கைத்திறன் நம்மிடம் இருக்கும்போது, ஓதம் ஏறிய குவார்ட்டர்ஸைக் கண்டு கைவிரிப்பது நமக்கு அழகன்று.

அதே சென்னையில் ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில், சட்டமன்றத்துக்கென்று கட்டி 2010இல் திறக்கப்பட்ட மாளிகை, 2014இல் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாயிற்று. அம்மாற்றத்துக்குப் பின்னிருந்த அரசியலைப் பற்றி எவர் எவ்வித அபிப்பிராயம் கொண்டாலும் சரி, மன்றத்துக்கென வகுத்த உடலில் நோயாளியின் கட்டில் செல்லும் மின்தூக்கியும், பிராணவாயுக் குழாயும், அறுவை அரங்கின் சுத்தக் காற்றும் பொருத்தப்பட்டு, ஏழை எளியோர் அங்கே சிகிச்சை பெறுகிறார்கள் என்பது பிரத்தியட்சம். தில்லியிலும், ஹெர்பர்ட் பேக்கர் கட்டிய வடக்கு, தெற்கு பிளாக்குகளை யுகே யுகீன் பாரத் என்னும் தேசிய அருங்காட்சியகமாக மாற்றப் போவதாக மத்திய சர்க்கார் அறிவித்திருக்கிறது. மந்திரிகளின் அறைகளில் சோழர் வெண்கலத்தை நிறுத்த முடியுமென்று நம்பும் அரசாங்கம், தன் குமாஸ்தாக்களின் வீட்டைச் செப்பனிட முடியாதென்று ஏன் நம்புகிறது? அரசர்க்குரியதைப் பாதுகாப்பதும் சாமானியர்க்குரியதை இடிப்பதும் என்ற பழைய பாகுபாடு, குடியரசிலும் நம்மை விட்டு அகலவில்லையோ என்று அஞ்சுகிறேன்.

இதே சாலையில் சர்க்காருக்குச் சொந்தமான லோதி ஹோட்டல் இருந்தது. அதிலிருந்த உட்லண்ட்ஸ் உணவு விடுதி, ஊரைப் பிரிந்து வந்த தமிழர்களுக்கு இட்லியும் காப்பியும் மட்டுமன்றி, வாரத்துக்கு ஒருமுறையேனும் தம் பாஷையைக் காதாரக் கேட்கும் வாய்ப்பையும் கொடுத்தது. அந்த ஹோட்டல் விற்கப்பட்டு, இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் 2009இல் வேறொரு ஆடம்பர ஹோட்டல் திறக்கப்பட்டது. அந்தக் கட்டடம் கலையழகில் சிறந்ததென்று நான் வாதிக்கமாட்டேன். ஆனால் அதைத் தேடி வந்த ஜனங்களின் பழக்கத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. மதிப்பீட்டு அறிக்கை எதிலும் அதற்கு ஒரு பத்தி கூட ஒதுக்கப்படுவதில்லை.

குடியிருப்பவர்களின் அறிவையும் இவ்வாறே புறக்கணிக்கிறோம். திருவொற்றியூரில் முப்பது ஆண்டுகூட நிறையாத குடிசை மாற்று வாரியக் கட்டடம் ஒன்று, 24 வீடுகளோடு, 2021 டிசம்பரில் சரிந்து மண்ணாயிற்று. ஓர் உயிரும் போகவில்லை. காரணம், அங்கே வாழ்ந்தவர்கள் விரிசலைக் கண்டு முன்னதாகவே வெளியேறிவிட்டார்கள். எந்தக் கருவியும் அளக்கும் முன்பு அந்தக் கட்டடத்தை அளந்திருந்தவர்கள் அவர்கள்தாம். பிரான்ஸ் தேசத்து போர்தோ நகரில், 1960களில் கட்டப்பட்ட மூன்று அடுக்ககங்களிலுள்ள 530 வீடுகளை இடிக்கலாமென்ற யோசனை எழுந்தபோது, லகாத்தோன், வசால் என்ற கட்டடக் கலைஞர் இருவரும் அவர்களுடைய சகாக்களும், குடியிருப்போரை வெளியேற்றாமலே, சுவருக்கு வெளியே ஒவ்வொரு வீட்டுக்கும் வெயில் தாழ்வாரமும் பலகணியும் சேர்த்துக் கொடுத்து 2017இல் அவற்றைப் புதுப்பித்தார்கள். 2021இல் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு அவ்விருவரையும் தேடி வந்தது. லோதி காலனியின் தாழ்வாரமும் முற்றமும் தருவன போன்ற சௌகரியங்களைப் போர்தோ வீடுகளுக்குப் பிற்காலத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. நம்முடைய வீடுகளுக்கோ அவை பிறவியிலேயே வாய்த்தவை.

ஆகவே லோதி காலனியின் ஒவ்வொரு பிளாக்குக்கும் தனித்தனியே ஓர் ஆய்வேடு தயாரிக்கப்பட வேண்டும் என்று கோருகிறேன். இருபது ஆண்டுகளாக அங்கே ஓதத்தோடு போராடிய இல்லத்தரசியின் சொல்லும், குழாய் மாற்றிய பிளம்பரின் சொல்லும், துளையிட்டெடுத்த கான்கிரீட்டின் நிறமும் அதில் ஒருங்கே இடம்பெற வேண்டும். நிலத்தில் எத்தனை மாடி எழுப்பலாம் என்ற கணக்கு தொடங்குமுன் அது அச்சிடப்பட்டு, அந்தந்த பிளாக்கின் வளைவு வாயிலிலேயே ஒட்டப்பட்டு, ஆட்சேபம் தெரிவிக்க மூன்று மாத அவகாசம் கொடுக்கப்பட வேண்டும். அதன் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திடும் பொறியாளர், அந்த இடத்தில் எழக்கூடிய புதிய கட்டடத்தின் ஒப்பந்தத்திலிருந்து ஒரு ரூபாயும் ஊதியம் பெறாதவராக இருக்க வேண்டும்.